இரு குளிசைகள் தந்த அறிஞர் எல்லப்பிரகட சுப்பாராவ்

நோய்க்கு முதல் யாது என்னும் வினாவுக்கு நம் முன்னோர் கண்ட விடை சுருக்கமானது. வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தை வகுத்தபோது, அளவிற் பிறழ்தலே பிணிக்கு வித்து என்னும் கருத்தையே முதற்கண் வைத்தார். உடலில் அமைய வேண்டியன கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு. இக்கருத்தைப் பல்லாண்டுகளாக மாணவர்க்குப் பாடஞ் சொல்லி வந்த யாம், அதன் உட்பொருளை உள்ளவாறு உணர்ந்தது வகுப்பறையில் அன்று. எம் வீட்டு விறாந்தையிலேயாம்.

இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்களிலே இளமை தொட்டுக் களை பறித்தும் கதிர் அரிந்தும் உழைத்த ஆச்சி ஒருவர் எம் அயலில் வாழ்கின்றார். சில ஆண்டுகளுக்கு முன் அவர்தம் கைவிரற் கணுக்கள் வீங்கின. விடியற்காலையில் விரல்களை மடக்கவும் நீட்டவும் இயலாதவாறு கை இறுகியது. நொச்சியைத் தன் பெயரிலேயே தாங்கிய கிளிநொச்சியில் நொச்சியிலைக்கு என்ன குறை? ஆச்சி வேது பிடித்தார், ஒத்தடம் இட்டார், முடக்கொத்தான் இரசம் வைத்துக் குடித்தார். நோவு சற்றுத் தணிந்ததேயன்றி வீக்கம் வற்றவில்லை. ஈற்றில் வைத்தியசாலைக் கிளினிக்குக்குச் சென்றார். குருதியைச் சோதித்து, இது முடக்குவாதம் எனத் துணிந்த வைத்தியர் இருவகைக் குளிசைகளைக் கொடுத்தனுப்பினார்.

நம் ஊர்களிலே ஆசிரியனது தொழில் பாடசாலை மணியோடு முடிவதில்லை. கடிதம் வாசிப்பதும் விண்ணப்பம் எழுதுவதும் போலவே, மருந்து உறையில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை விளக்கிச் சொல்வதும் அவன் கடனாகும். ஆச்சி கொண்டுவந்த கடதாசி உறைகளுள் ஒன்றில் கிழமைக்கு ஒரு முறை மட்டும் என்றிருந்தது. மற்றதை வேறொரு நாளில் உட்கொள்ள வேண்டும் என்றிருந்தது. ஆச்சியோ முதலாவது குளிசையை நாள்தோறும் விழுங்கத் தீர்மானித்திருந்தார். கிழமையில் ஒரு நாள் உண்டால் ஒரு பங்கு சுகமெனின், ஏழு நாளும் உண்டால் ஏழு பங்கு சுகம் வருமன்றோ என்பது அவர் போட்ட கணக்கு. அக்கணக்கு உயிரைக் கொள்ளும் கணக்கு என்பதை எடுத்துரைத்துத் தடுத்தோம். அவ்வாறாயின் இரண்டாவது குளிசை எதற்கு என அவர் வினவினார். அவ்வினாவுக்கு அன்று எம்மிடம் விடை இருக்கவில்லை.

விடையைத் தேடிச் சென்றபோது ஒரு பெருவாழ்வு எம் கண்முன் விரிந்தது. மெதோட்ரெக்சேட் என்னும் முதலாவது குளிசைக்கும் போலிக்கமிலம் என்னும் இரண்டாவது குளிசைக்கும் பிறப்பிடம் ஒரே ஆய்வுக்கூடம். அவை உடன்பிறந்தும் ஒன்றற்கொன்று பகையாயவை. அவ்வாய்வுக்கூடத்தை நடத்தியவர் நம் அயல்நாட்டிற் பிறந்து, சென்னை மாநகரிற் கற்று, அமெரிக்காவில் உழைத்து மறைந்த எல்லப்பிரகட சுப்பாராவ் ஆவார். அவர்தம் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பிறப்பும் இளமையும்

கோதாவரி பாயும் ஆந்திர நாட்டில், பீமவரம் என்னும் ஊரிலே 1895ஆம் ஆண்டு சனவரி மாதம் 12ஆம் திகதி சுப்பாராவ் பிறந்தார். அந்நாளில் அவ்வூர் சென்னை மாகாணத்துள் அடங்கியிருந்தது. தந்தையார் செகந்நாதம் வருவாய்த் துறையிற் பணியாற்றியவர். உடல் நலிவால் அவர் பணியினின்று விலக நேர்ந்தமையாற் குடும்பம் வறுமையுற்றது. தாயார் வெங்கம்மா மன உறுதி மிக்கவர். மகனைக் கற்பித்து ஆளாக்குதல் ஒன்றையே நோன்பாகக் கொண்டவர்.

மகனுக்கோ தொடக்கத்திற் கல்வியில் நாட்டமில்லை. பதின்மூன்றாம் அகவையில் வீட்டைவிட்டு ஓடினார். காசிக்குச் சென்று யாத்திரிகர்க்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்பது அவர் எண்ணம். வழியிலேயே பிடித்துத் திருப்பிக் கொணரப்பட்டார். மெற்றிக்குலேசன் பரீட்சையில் இருமுறை தவறி, மூன்றாம் முறையே சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். இதற்கிடையில் தந்தையாரும் மறைந்தார். தாயார் தம் நகைகளை விற்று மகனின் படிப்பை நடத்தினார். பரீட்சையில் ஒருமுறை தவறிய பிள்ளையை இனி உதவான் என ஒதுக்கும் ஆசிரியரும் பெற்றோரும் இப்பகுதியை மீண்டும் ஒருமுறை வாசிப்பாராக.

மாநிலக் கல்லூரியிற் பயிலுங் காலத்தில் அவர் உள்ளம் துறவை நாடியது. இராமகிருட்டிண சங்கத்திற் சேர விழைந்தார், தாயார் உடன்படவில்லை. மக்கட்குத் தொண்டு செய்ய விரும்புவோன் மருத்துவங் கற்றுப் பயன்படலாம் என்னும் அறிவுரை அவரைச் சென்னை மருத்துவக் கல்லூரிக்குத் திருப்பியது. நண்பர்களும், பின்னர் அவர்க்கு மாமனாரான கஸ்தூரி சூரியநாராயணமூர்த்தியும் பொருளுதவி புரிந்தனர். அவர் மகளாகிய சேசகிரி அம்மையாரைச் சுப்பாராவ் மணந்தார்.

கதராடையும் குறைந்த பட்டமும்

அக்காலம் காந்தியடிகளின் அறைகூவல் நாடெங்கும் ஒலித்த காலம். அந்நியத் துணியைத் துறந்த சுப்பாராவ், சத்திரசிகிச்சைக் கூடத்திலும் கதரால் தைத்த மேலங்கியையே அணிந்தார். ஆங்கிலேயரான சத்திரசிகிச்சைப் பேராசிரியர்க்கு இது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளில் நன்கு எழுதியும், முழுப் பட்டமாகிய எம்.பி.பி.எஸ். அவருக்குக் கிட்டவில்லை, எல்.எம்.எஸ். என்னும் குறைந்த தகுதியே வழங்கப்பட்டது. சென்னை மாகாண மருத்துவச் சேவையிற் சேர முயன்றார், அக்கதவும் திறக்கவில்லை.

வீட்டிலோ அதனினும் பெருந்துயர் நேர்ந்தது. அவர் உடன்பிறந்தார் இருவர் எட்டு நாள் இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக மாண்டனர். நம் வைத்தியர் கிராணி எனச் சுட்டும் வகையைச் சார்ந்த ஒரு கொடிய குடல்நோயே அவர்களை வாட்டியது. உண்ட உணவின் சத்தைக் குடல் ஏற்காது. கழிச்சலும் சோகையும் மிகும். உடல் வற்றி ஒடுங்கும். பின்னர் அந்நோய் சுப்பாராவையும் பற்றியது. மேனாட்டு மருத்துவம் கைவிட்டபோது, ஆயுள்வேத அறிஞர் ஆசண்ட இலட்சுமிபதி அளித்த மருந்தால் அவர் பிழைத்தார்.

இந்நன்றியும் வியப்பும் அவரை இலட்சுமிபதியின் ஆயுள்வேதக் கல்லூரிக்கு இட்டுச் சென்றன. அங்கே உடற்கூற்றியல் கற்பித்தார். அவர் ஆயுள்வேதத்தைப் பழித்தாரும் அல்லர். வினாவின்றிப் போற்றினாரும் அல்லர். மருந்து நோயைத் தீர்க்கின்றது. தீர்ப்பது அதனுள் இருக்கும் எப்பொருள், அது உடலில் எவ்விடத்தில் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதே அவர் எழுப்பிய வினா. பிற்காலத்து அவர் செய்த பணி யாவும் இவ்வினாவின் விரிவே எனலாம். நொச்சியும் முடக்கொத்தானும் நன்கறிந்த நம்மவர் மனங்கொள்ளத்தக்கது இந்நோக்கு.

பொஸ்டன் நகரில்

மேற்கல்விக்கு அமெரிக்கா செல்ல விழைந்த அவர்க்குக் காக்கிநாடாவிலிருந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையமும் மாமனாரும் கைகொடுத்தனர். 1922ஆம் ஆண்டு ஒற்றோபர் 26ஆம் திகதி பொஸ்டன் நகரை அடைந்தார். சில ஆண்டுகளில் மீள்வதாக எண்ணியே இளம் மனைவியைப் பிரிந்தார். அவர் சென்ற பின் பிறந்த ஆண்மகவு தந்தையின் முகம் காணாமலே இறந்தது. அம்மனைவியை அவர் மீண்டும் காணவேயில்லை. இப்பிரிவை அவர் வாழ்க்கையின் குறையாகக் கூறாது விடுதல் நேர்மையன்று. உலகம் பெற்ற பேற்றுக்குரிய விலையில் ஒரு பங்கைப் பெண்ணொருத்தி செலுத்தினாள்.

ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் வெப்பநாட்டு மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். அந்நாட்டிலே வைத்தியராகத் தொழில் புரிய அவருடைய பட்டம் இடந்தரவில்லை. எனவே பீற்றர் பென்ட் பிரிகாம் வைத்தியசாலையில் இரவு வேளைகளில் நோயாளர்தம் மலசலப் பாத்திரங்களைக் கழுவும் சிற்றாளாக வேலை செய்து பகலிற் கற்றார். மருத்துவம் கற்ற ஒருவர் இதனை இழிவெனக் கருதாது செய்தமை அவர்தம் உறுதிக்குச் சான்றாகும்.

பின்னர் உயிரிரசாயனப் பகுதியில் சைரஸ் பிஸ்க் என்னும் அறிஞரோடு இணைந்தார். குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பொசுபரசின் அளவைக் காண அவ்விருவரும் 1925இல் வெளியிட்ட முறை இருவர் பெயராலும் வழங்கலாயிற்று. தலைமுறை தலைமுறையாக உலகெங்குமுள்ள மாணவர் அதனைக் கற்றனர். அம்முறையே கருவியாக, தசையினுள் மறைந்திருந்த கிரியேற்றின் பொசுபேற்று என்னும் பொருளை 1927இல் அவர்கள் வெளிப்படுத்தினர். தசையின் தொழிலைப் பற்றி அதுகாறும் நிலவிய கொள்கை இதனால் தளர்ந்தது. 1929இல் ஏ.ரி.பி. எனச் சுருங்க வழங்கும் அடினோசின் மூபொசுபேற்றையும் கண்டனர். அதே ஆண்டில் செர்மனியில் லோமன் என்பாரும் தனித்து இதனைக் கண்டார். நாம் விரலசைப்பதற்கும் விழியிமைப்பதற்கும் வேண்டிய ஆற்றலைக் கொண்டு கொடுக்கும் நாணயம் ஏ.ரி.பி. என்பதை இன்று உயர்தர வகுப்பு மாணவர் யாவரும் அறிவர். அதனைக் கண்டாருள் ஒருவர் சென்னையிற் கற்றவர் என்பதை அறிந்தோர் சிலரே.

1930இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். எனினும் ஹார்வார்ட்டில் நிலையான பதவி அவர்க்கு வாய்க்கவில்லை. அவரது வேறு சில கண்டுபிடிப்புக்கள் பிஸ்கின் அழுக்காற்றால் வெளிவராது தடைப்பட்டன என்றும், அவற்றைப் பிறர் பல்லாண்டுகட்குப் பின் மீண்டும் காண நேர்ந்தது என்றும், அவ்வாய்வுக்கூடத்திற் பயின்று 1988இல் நோபெல் பரிசு பெற்ற ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ் பிற்காலத்திற் கூறினார். சுப்பாராவ் இதுபற்றி வழக்கெடுத்தவர் அல்லர்.

இலையிற் பிறந்த மருந்து

1940இல் நியூயோர்க்குக்கு அணித்தாகிய பேர்ள் றிவர் என்னும் இடத்திலிருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்துக்குச் சென்றார். பின்னர் அதன் ஆராய்ச்சித் தலைவருமானார். அவரோடு சென்றது பழைய வினாவொன்று. உடன்பிறந்தாரை வற்றச் செய்த அந்நோயில் உடல் எதனை இழக்கின்றது?

இவ்வினாவுக்குரிய துப்பு ஏற்கெனவே பம்பாயிற் கிடைத்திருந்தது. கருவுற்ற ஏழைப் பெண்களைத் தாக்கிய கொடிய சோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர், நொதியத்தின் சாற்றால் அது தீர்வதை 1931இல் அறிவித்தார். நம் நாட்டார் பாணிற் பூசியுண்ணும் மாமைட் அச்சாற்றுள் ஒன்றே. தீர்க்கும் பொருள் யாதென அன்று எவரும் அறியார். 1941இல் அமெரிக்க அறிஞர் சிலர் நான்கு தொன் பசளிக்கீரையைப் பிழிந்து வடித்து அப்பொருளைச் சிற்றளவிற் பெற்றனர். இலை என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று அதற்குப் போலிக்கமிலம் என்னும் பெயர் வந்தது.

கீரையிலும் ஈரலிலும் அணுவளவாகக் கிடைக்கும் பொருளை நோயாளர் அனைவர்க்கும் வழங்குவது எங்ஙனம்? அதன் அமைப்பை அறிந்து ஆய்வுக்கூடத்திற் செய்தாலன்றி இயலாது. சுப்பாராவின் குழுவினர் 1945இல் அதனைச் செய்து முடித்தனர். அடுத்துவந்த மாதங்களில் ரொம் ஸ்பைஸ் என்னும் மருத்துவர் கியூபாவிலே வெப்பநாட்டுக் கிராணியால் நலிந்தோர்க்கு அதனை அளித்தபோது அவர்கள் தேறினர். தம் உடன்பிறந்தாரைக் காக்க இயலாதவர் உலகத்தார்தம் உடன்பிறந்தாரைக் காத்தார். இன்று நம் தாய்மார் கருவுற்ற காலத்திற் பெறும் சிறு குளிசை இதுவே. அவர்தம் குருதியையும், கருவிலுள்ள மகவின் முள்ளந்தண்டையும் அது காக்கின்றது.

பகையாக வந்த துணை

இனி முதலாவது குளிசையின் பிறப்பைக் காண்போம். உயிரணுக்கள் பெருகுவதற்குப் போலிக்கமிலம் வேண்டும். அவ்வாறாயின் கட்டின்றிப் பெருகும் தீய அணுக்களுக்கும் அது வேண்டுமன்றோ? பொஸ்டனிலே குருதிப் புற்றுநோயால் வாடிய குழந்தைகளைக் கவனித்த சிட்னி பார்பர் என்னும் மருத்துவர், போலிக்கமிலம் சார்ந்த பொருள்களை வழங்கியபோது அந்நோய் முடுகுவதாகக் கண்டார். ஊட்டினால் வளரும் தீமையைப் பட்டினியிட்டு ஒடுக்கலாம் என்னும் எண்ணம் இதிலிருந்து பிறந்தது.

சுப்பாராவின் குழுவினர் போலிக்கமிலத்தை ஒத்த உருவும் மாறான செயலும் உடைய பொருள்களை ஆக்கினர். பூட்டினுள் நுழைந்தும் அதனைத் திறவாது அடைத்து நிற்கும் போலித் திறவுகோல் போன்றவை அவை. அவற்றுள் ஒன்றாகிய அமினோப்தெரினைப் பதினாறு குழந்தைகட்கு அளித்ததிற் பதின்மர் தற்காலிகமாகத் தேறினர் என 1948ஆம் ஆண்டு சூன் மாதத்திற் பார்பர் வெளியிட்டார். அதுகாறும் மருந்தே இல்லாதிருந்த நோய் அது. இதன் உடன்பிறப்பாக, சற்று மென்மையான இயல்புடையதாக, அதே ஆய்வுக்கூடத்து இரசாயனர் ஆக்கியதே மெதோட்ரெக்சேட்.

அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் சுப்பாராவ் உறக்கத்தில் மாரடைப்பால் மறைந்தார். அகவை ஐம்பத்து மூன்றே. தம் ஆய்வுக்கூடத்துப் பொருள் குழந்தைகட்கு உதவியதை அறிந்தார். மூட்டு வீங்கிய முதியோர்க்கும் அது உதவப் போவதை அறிந்தாரல்லர்.

குருதி சொல்லும் செய்தி

மூட்டின் நோய்க்குக் குருதியைச் சோதிப்பது ஏன் என்று ஆச்சி கேட்டதும் உண்டு. குருதியைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி நிறுத்தினாற் செவ்வணுக்கள் கீழே படியும். மேலே மஞ்சள் நிறத் தெளிநீர் நிற்கும். இதனைப் பிளாஸ்மா என்பர். இத்தெளிநீரிற் புரதங்கள் பல கரைந்துள்ளன. மூட்டிலே அழற்சி மூண்டதும் அங்கிருந்து புறப்படும் தூதுப்பொருள்கள் ஈரலை எட்டுகின்றன. ஈரல் தன் தொழிலின் முறையை மாற்றுகின்றது. குருதியை உறையச் செய்யும் பைபிரினோசன் என்னும் புரதத்தையும், சி.ஆர்.பி. என்னும் புரதத்தையும் மிகுதியாகச் சுரக்கின்றது. அல்புமின் என்னும் புரதத்தைக் குறைத்துக் கொள்கின்றது.

பைபிரினோசன் மிகுந்தாற் செவ்வணுக்கள் அடுக்கிய நாணயங்கள் போல் ஒட்டிக்கொண்டு விரைவாகக் கீழே படியும். அவ்விரைவை அளப்பதே ஈ.எஸ்.ஆர். என்னும் சோதனை. சி.ஆர்.பி. புரதம் 1930இல் நியூயோர்க்கிலே நுரையீரல் அழற்சி நோயாளரின் குருதியிற் காணப்பட்டது. நல்ல உடலில் மிகச் சிறிதாக இருக்கும் அது அழற்சி மூண்டாற் பன்மடங்காகும். இவ்விரண்டும் ஊரில் எங்கோ தீப்பற்றியதை அறிவிக்கும் புகை போன்றவை. எவ்வீட்டில் என்று சொல்லமாட்டா. அதனைக் காட்டுதற்கு உதவுவன வேறு சில புரதங்கள்.

பகைவரை எதிர்க்க உடல் ஆக்கும் புரதங்களைப் பிறபொருளெதிரிகள் என்பர். முடக்குவாதத்தில் இக்காவலர் வீட்டாரையே பகைவரென மயங்கித் தாக்குகின்றனர். நோயாளர் பலரின் குருதியில், தம் பிறபொருளெதிரிகளையே எதிர்க்கும் பிறபொருளெதிரி ஒன்று உண்டென்பதை 1940இல் நோர்வே நாட்டு வாலர் என்பார் வெளியிட்டார். இவ்வாறு குருதியிலே தோன்றும் பிணக்கு மூட்டின் மென்றோலிற் போராக மூள்கின்றது. அங்குள்ள நுண்குழாய்கள் கசிய, பிளாஸ்மாப் புரதங்கள் மூட்டினுட் புகுகின்றன. பைபிரினோசன் அங்கே நாராக உறைந்து அழற்சிக்கு விறகாகின்றது. காலம் தாழ்த்தினால் குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்பட்டு விரல்கள் கோணும்; கோணியது மீளாது.

1951இல் நியூயோர்க்கிலே குப்னர் என்பாரும் துணைவரும் முடக்குவாத நோயாளர் சிலர்க்கு அமினோப்தெரினை அளித்து நற்பயன் கண்டனர். ஆயினும் கோட்டிசோன் என்னும் புதுமருந்தின் ஆரவாரத்தில் அது மறக்கப்பட்டது. கோட்டிசோனின் தீங்குகள் பையப் பைய வெளிப்பட்ட பின்னரே மருத்துவ உலகம் மெதோட்ரெக்சேட்டின்பால் மீண்டது. 1980களில் நடந்த முறையான பரிசோதனைகள் அதன் பயனை நிறுவின. 1988இல் அமெரிக்க அரசு முடக்குவாதத்துக்கு அதனை ஏற்றது. இன்று உலகெங்கும் இந்நோய்க்கு முதலில் வழங்கப்படுவது பெரும்பாலும் அதுவேயாம்.

குருதியிற் கலந்த மெதோட்ரெக்சேட்டில் ஏறக்குறைய அரைப்பங்கை அல்புமின் புரதம் பற்றிச் சுமந்து செல்கின்றது. மூட்டை வருத்தும் புரதங்கள் ஓடும் அதே ஆற்றிலேயே மருந்தைச் சுமக்கும் தோணியும் ஓடுகின்றது. கிழமைக்கு ஒருமுறை சிற்றளவில் உண்ணும் இம்மருந்து அழற்சியைத் தணிப்பதற்கு, அடினோசின் என்னும் பொருளை அவ்விடத்தில் மிகுவிப்பது ஒரு முதன்மைக் காரணம் என ஆய்வாளர் கருதுகின்றனர். அடினோசின், சுப்பாராவ் 1929இற் கண்ட ஏ.ரி.பி.யின் ஒரு கூறு. போலிக்கமிலமோ அம்மருந்தால் வாயும் வயிறும் ஈரலும் புண்படாது காக்கின்றது. ஆகவே ஆச்சியின் வீங்கிய விரலிலே சுப்பாராவின் மூன்று பணிகள் ஒருங்கு கூடுகின்றன.

அளவு மீறினால் என்னாகும்? நாள்தோறும் உண்டால் எலும்பு மச்சை குருதியணுக்களை ஆக்குவதை நிறுத்தும்; வாய் புண்ணாகும்; சிறு கிருமியும் உயிர்க்கு இறுதியாகும். இத்தவற்றால் இறந்தோர் பல நாடுகளில் உளர். இம்மருந்தை உண்பாரைத் தம் இல்லத்திற் கொண்டோர், கிழமையில் எந்நாள் என்பதை நாட்காட்டியிற் குறித்து வைத்தல் வேண்டும். வாய்ப்புண்ணோ காய்ச்சலோ மூச்சிழைப்போ தோன்றினால் வைத்தியரை உடனே நாடுதல் வேண்டும். மகப்பேற்றை விரும்பும் பெண்கள் இம்மருந்தைத் தொடங்குமுன் வைத்தியரிடம் அதனைச் சொல்லுதலும் இன்றியமையாதது. கருவுக்கு இது நஞ்சு.

மறைவும் மதிப்பும்

சுப்பாராவின் ஆய்வுக்கூடம் உலகுக்கு அளித்தவை இவ்விரண்டோடு முடியவில்லை. யானைக்கால் நோய்க்குரிய டயீதைல்காபமசீன் என்னும் மருந்து 1947இல் அங்கிருந்தே வந்தது. இலங்கையின் மேற்கிலும் தெற்கிலும் பல தலைமுறைகளை வருத்திய அந்நோய் பொதுச்சுகாதாரச் சிக்கலாக இல்லாதொழிந்ததென 2016இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அவ்வெற்றியில் இம்மருந்துக்குப் பெரும்பங்குண்டு. அவர் தலைமையிற் பணிபுரிந்த முதுபெரும் தாவரவியலாளர் டகர் மண்ணில் வாழும் நுண்ணுயிரொன்றிலிருந்து ஓறியோமைசின் என்னும் மருந்தைக் கண்டார். 1948இல் அது வெளிவந்தபோது மேடையில் நின்றவர் டகர். பின்வரிசையில் இருப்பதே சுப்பாராவின் வழக்கம்.

கால் நூற்றாண்டு அமெரிக்காவில் வாழ்ந்தும் அந்நாட்டுக் குடியுரிமையை அவர் பெறவில்லை. பிறந்த நாடு 1947இல் விடுதலை பெற்றதைத் தொலைவிலிருந்தே கண்டார். நோபெல் பரிசு அவரை நாடவில்லை. அவர் நினைவாக 1953இற் பூஞ்சணம் ஒன்றுக்குச் சுப்பாரோமைசிஸ் எனப் பெயரிட்டனர். இந்திய அரசு 1995இல், அவர் பிறந்த நூற்றாண்டில், அஞ்சல் முத்திரை வெளியிட்டது. முழுப் பட்டத்துக்குத் தகுதியில்லாதவர் எனப்பட்ட மாணவர் ஒருவரால் உலகின் வைத்தியசாலைகள் யாவும் பயனுறுகின்றன. தேர்வு என்னும் தராசு மனிதரை முழுமையாக நிறுப்பதில்லை என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டா.

எம் அயலில் வாழும் ஆச்சி இப்பொழுது ஞாயிறுதோறும் ஒரு குளிசையும் புதன்தோறும் மற்றதும் உண்கின்றார். எந்நாளில் எதுவென்பதை அவர் பேத்தி தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கின்றாள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மானிப்பாயில் டொக்டர் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, தமிழிலேயே மாணவர்க்கு மருத்துவங் கற்பித்தார். அம்மரபு வளர்ந்த மண்ணிலே, உயிர்காக்கும் ஒரு வரியைத் தமிழில் எழுத ஒரு சிறுமி வேண்டியிருந்தது. மருந்தைக் கண்டறிதல் அறிஞர் கடன். அதன் அளவை நோயாளியின் மொழியிற் சொல்லி முடித்தல், எழுதப் படிக்கத் தெரிந்த நம் எல்லோர்க்கும் உரிய கடனாகும். விரல் நீண்ட ஆச்சி சென்ற கிழமை எம் வீட்டுக்கு இடியப்பம் பிழிந்து அனுப்பியிருந்தார்.